இரவும் தாளமும் – 17: ஒன்றரை மணி நேர மழை

சென்ற வாரம் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் நிறுத்தியிருந்தோம். 1979 ஜூலை 12. ஒரு டிஸ்கோ தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் உள்ளே விடுவோம் என்று அறிவிப்பு. இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால் அந்தத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார். கூட்டம் வேலியேறி உள்ளே குதித்தது, புல்தரை குழிவிழுந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவேயில்லை. டிஸ்கோவுக்குக் காரியம் முடிந்துவிட்டது என்று அன்று முதல் பேச்சு கிளம்பியது.

அதே 1979-இல் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் ஒரு டிஸ்கோ பாட்டை எழுதி முடித்திருந்தார்கள். எழவு வீட்டு வாசலில் பிறந்த பிள்ளை மாதிரி. வாங்க ஆளில்லை. மூன்று வருடம் பெரிய பெரிய பாடகிகளின் வீட்டுப் படி ஏறி இறங்கியது. கடைசியில் அதைப் பாடியது, இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருந்த இரண்டு தேவாலயப் பாடகிகள். பாட்டின் பெயர் ‘இட்ஸ் ரெய்னிங் மென்’. ஆண்மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடிய ஜோடியின் பெயர் ‘தி வெதர் கேர்ள்ஸ்’. இந்த வாரம் முழுக்க இந்த ஒரு தட்டுதான்.

பாட்டுக்குப் போகும் முன் பாடியவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு சான் ஃபிரான்சிஸ்கோ போக வேண்டும், 1976-க்கு.

அங்கே சில்வெஸ்டர் என்றொரு பாடகர் தன் குழுவுக்குப் பின்னணிக் குரல்கள் தேடிக்கொண்டிருந்தார். முழுப்பெயர் சில்வெஸ்டர் ஜேம்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் பெந்தெகொஸ்தே சபைப் பாடல்களில் தொண்டையைப் பழக்கிக்கொண்ட கறுப்பினத்தவர். தன்பாலீர்ப்பை ஒளிக்காமல் வாழ்ந்தவர். சேலை கட்டாத குறையாக எல்லா உடையும் உடுத்திப் பார்த்தவர். பாடினால் ஆண் தொண்டையா பெண் தொண்டையா என்று சந்தேகம் வரும், அப்படியோர் உச்சஸ்தாயி. அன்றைய குரல் தேர்வுக்கு ஒல்லியான இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் வந்திருந்தார்கள். மார்த்தா வாஷ் என்ற இளம்பெண் பாடியதுதான் தாமதம், சில்வெஸ்டர் அந்த இருவரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பிறகு மார்த்தாவிடம், உன்னைப் போலவே பருமனான, உன்னைப் போலவே பாடக்கூடிய இன்னொருத்தியைத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மார்த்தா. அழைத்து வந்தது ஐசோரா ரோட்ஸை. பின்னாளில் ஐசோரா ஆர்ம்ஸ்டெட் என்று அறியப்பட்டவர்.

இருவரும் ஏற்கெனவே ஒரே பக்திப் பாடல் குழுவில் பாடியவர்கள். மார்த்தா 1953-இல் பிறந்தவர், ஐசோரா 1942-இல். அக்கா தங்கை போன்ற இடைவெளி. மார்த்தாவின் குரல் வெண்கல மணி. மேலே போகப் போகக் கூர்மையாகும், பிசிறடிக்காது. ஐசோராவின் குரல் அதற்கு அடியில் கனமாக ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கும் வித்தை இரண்டு பேருக்கும் கைவந்தது. சில்வெஸ்டரும் சபையில் பாடிய பிள்ளை என்பதால் அந்த வித்தையை அடையாளம் கண்டுகொண்டார். சனிக்கிழமை இரவுக் கூட்டத்துக்கும் ஞாயிறு காலைக் கூட்டத்துக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அமெரிக்க நடன இசையின் வரலாற்றில் பாதி இந்த ஒரு சமன்பாட்டில் அடங்கிவிடும் என்பேன்.

ஜோடிக்கு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது: ‘டூ டன்ஸ் ஓ ஃபன்’. இரண்டு டன் குதூகலம். கேலிதான். ஆனால் அடுத்தவன் சிரிப்பதற்குள் நாமே சிரித்துவிட்டால் அவன் வாயடைத்துப் போவான் என்கிற தற்காப்பும் அதில் இருந்தது. அது எந்த அளவுக்குக் காப்பாற்றியது, எந்த இடத்தில் கைவிட்டது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை.

1978-இல் சில்வெஸ்டரின் ‘ஸ்டெப் டூ’ தொகுப்பு வந்தது. அதிலிருந்து ‘யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)’, ‘டான்ஸ் (டிஸ்கோ ஹீட்)’ ஆகிய இரண்டு பாடல்களும் சேர்ந்தே அமெரிக்க நடனப் பட்டியலின் முதலிடத்துக்குப் போயின. முதல் பாடலைப் பற்றிப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் விரிவாகப் பேசிவிட்டோம். பேட்ரிக் கௌலியின் சிந்தசைசர் அதற்குள் எப்படி நுழைந்தது என்பதும் அங்கேயே இருக்கிறது. இரண்டாவது பாடலை இப்போது ஒருமுறை போட்டுக் கேளுங்கள். தலைப்பில் சில்வெஸ்டர் பெயர். காதில் விழுவது பெரும்பாலும் அந்த இரண்டு பெண்கள். 1979 மார்ச் 11 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வார் மெமோரியல் ஆப்பெரா ஹவுஸில் சில்வெஸ்டர் பாடியபோது, தன்பாலீர்ப்பை ஒளிக்காத அந்நகர மக்கள் பிரதிநிதி ஹார்வி மில்க் சுட்டுக் கொல்லப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. நகரத்தின் சாவியை அன்று மேடையில் சில்வெஸ்டருக்குக் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்று பாடியவர்கள் மார்த்தாவும் ஐசோராவும்.

1980-இல் ஃபேன்டஸி நிறுவனம் இவர்கள் இருவரையும் மட்டும் வைத்து இரண்டு தொகுப்புகள் வெளியிட்டது. நடன அரங்குகளில் ஓடின. வீட்டு வானொலிக்குள் நுழையவில்லை.

இனி பாட்டு. எழுதிய இருவர் பெயரும் பால். ஒருவர் பால் ஜபாரா, புரூக்ளினில் வளர்ந்த லெபனான் வழி அமெரிக்கர். நடிகர், பாடகர், பாடலாசிரியர், எல்லாவற்றுக்கும் மேலாக ஓயாமல் நச்சரிக்கும் மனிதர். டோனா சம்மருக்கு அவர் எழுதிய ‘லாஸ்ட் டான்ஸ்’ 1979-இல் ஆஸ்கர் வாங்கியது. அதே ஆண்டு டோனா சம்மரும் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் ஜோடியாகப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘நோ மோர் டியர்ஸ்’ பாடலை புரூஸ் ராபர்ட்ஸோடு சேர்ந்து எழுதியதும் அவர்தான். மற்றவர் பால் ஷேஃபர், கனடாக்காரர், ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் இசைக்குழுவில் இருந்தவர்; பின்னாளில் டேவிட் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சியில் வாத்தியக் குழுத் தலைவராக மூன்று தலைமுறை அமெரிக்கர்களுக்கு அறிமுகமான மொட்டைத்தலை. தலைப்பு ஜபாராவின் மூளையில் உதித்தது. ஷேஃபர் பியானோவில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பாட்டு தயார்.

ஜபாரா முதலில் போனது டோனா சம்மரிடம். நியாயம்தானே, ஆஸ்கர் வாங்கிய பாட்டைத் தந்தவர் கொண்டுவந்த பாட்டு. ஆனால் சம்மர் அந்தக் காலத்தில்தான் மறுபிறப்படைந்த கிறிஸ்தவராக மாறியிருந்தார். வானத்திலிருந்து ஆண்கள் கொட்டுகிறார்கள் என்று பாடிவிட்டு நடுவில் ‘அல்லேலூயா’ என்று கத்துவது அவருக்குத் தெய்வ நிந்தனையாகப் பட்டது. மறுத்தார். பாட்டுக்குப் பதிலாக ஜபாராவுக்கு ஒரு பைபிளை அனுப்பிவைத்தார் என்றும் சொல்வார்கள். டயானா ராஸ் வேண்டாம் என்றார். ஷெர் வேண்டாம் என்றார். ஸ்ட்ரைசாண்டும் வேண்டாம் என்றார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். சபையைவிட்டு மேடைக்கு வந்து, மேடையிலிருந்து மறுபடி சபைக்குப் போனவருக்கு அந்த ‘அல்லேலூயா’ உறுத்தியது. சபையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கு அது உறுத்தவில்லை, சிரிப்புதான் வந்தது. ஜபாரா பாட்டைப் போட்டுக் காட்டியபோது, விளையாடுகிறாயா, இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்றுதான் கேட்டதாக மார்த்தா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜபாரா விடவில்லை. கெஞ்சினார். சரி, பாடித் தொலைப்போம் என்று இருவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். குரல் பதிவு முழுக்க ஒன்றரை மணி நேரம். மூன்று வருடம் அலைந்த பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இடி முழக்கத்தோடு தொடங்குகிறது. தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்களாகத் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு இருவரும் பேசுகிறார்கள், ஒரு செய்தி இருக்கிறது என்கிறார்கள். பிறகு தாளம் பாய்கிறது. டிஸ்கோவின் வழக்கமான நடை நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் இது 130-ஐத் தாண்டி ஓடுகிறது. ஈரப்பதம், காற்றழுத்தம் என்று வானிலை அறிக்கையின் சொற்களைச் சரசமாக்கியிருக்கும் வரிகளை மார்த்தா சிரிப்பே காட்டாமல் பாடுகிறார். முக்கியமான விஷயம் அதுதான். நகைச்சுவைப் பாட்டை நகைச்சுவையாகப் பாடியிருந்தால் ஒரு பருவத்தில் செத்திருக்கும். இவர்கள் அதை எழுப்புதல் கூட்டத்துச் சாட்சி மாதிரி பாடினார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் ஆமோதிக்க, முதலாமவர் இன்னும் ஒரு படி ஏற, சுருதியும் தூக்கப்பட, கேட்பவனுக்கு மூச்சுவிட இடமில்லை. வானத்தை நோக்கிக் கை தூக்கத் தோன்றும் பாட்டு அது; தூக்கியவன் எதற்காகத் தூக்கினான் என்பது அவன் பாடு.

அந்தத் தொடக்க வசனம் இன்னொரு காரியமும் செய்தது. பாட்டில் போட்ட வேடமே ஜோடியின் பெயராகிவிட்டது. ‘டூ டன்ஸ்’ போய் ‘வெதர் கேர்ள்ஸ்’ வந்தது. பாட்டுக்காகப் பெயரை மாற்றிக்கொண்ட பாடகர்கள் அதிகம் இல்லை.

ஜபாராவும் பாப் எஸ்டியும் தயாரித்த இந்தத் தட்டை கொலம்பியா நிறுவனம் 1982 செப்டம்பரில் வெளியிட்டது. ஆனால் பாட்டை நகர்த்தியது நிறுவனத்தின் விளம்பரமல்ல, பன்னிரண்டு அங்குலத் தட்டு. பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்: சிறிய ஏழு அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்தை நெருக்கி வெட்டினால் பள்ளங்கள் ஒட்டி ஒட்டி விழும், தாழ்ந்த ஒலி மெலியும். அதே வேகத்தில் சுற்றும் பன்னிரண்டு அங்குலத் தட்டில் பள்ளங்களுக்கு அகலம் கிடைக்கும். டிரம்மும் பேஸும் நெஞ்சில் இடிக்கும். பாட்டை ஐந்து ஆறு நிமிடம் இழுக்கலாம். 1976-இல் சால்சோல் நிறுவனம் கடைகளில் விற்கத் தொடங்கிய இந்த வடிவம்தான் டி.ஜே.க்களின் அரிவாள்மணை. ஜபாரா அவர்கள் கையில் நேராகத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அரங்குகள் கேட்டன. ஆண்டு முடிவதற்குள் பாட்டு நடனப் பட்டியலில் முதலிடம்.

பொதுப் பட்டியலிலோ 46. அதற்கு மேல் ஏறவில்லை. சிகாகோவில் வெடித்த வெடியின் புகை வானொலி நிலையங்களில் இன்னும் அடங்கியிருக்கவில்லை. டிஸ்கோ வாடை அடிக்கும் எதையும் போடத் தயங்கினார்கள். பாட்டு கிராமி விருதுப் பரிந்துரைப் பட்டியல் வரை போனது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். பிரிட்டன்காரர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை; 1984-இல் மறுபடி வெளியிட்டபோது இரண்டாம் இடம் வரை ஏற்றிவிட்டார்கள்.

அந்த அரங்குகளில் யார் ஆடினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். ஆண்மழை வேண்டும் என்று பெண்கள் பாடிய பாட்டை, சான் ஃபிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் தன்பாலீர்ப்பு ஆண்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பாட்டு வந்த அதே மாதம், 1982 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு புதிய பெயர் முதல்முறையாக இடம்பெற்றது: எய்ட்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில்தான் லாஸ் ஏஞ்சலிஸின் ஐந்து நோயாளிகளைப் பற்றிய முதல் குறிப்பு அச்சாகியிருந்தது. சில்வெஸ்டர் பாட்டுக்குள் சிந்தசைசரைக் கொண்டுவந்த பேட்ரிக் கௌலி அந்த நோயால் 1982 நவம்பரிலேயே போனார். சில்வெஸ்டர் 1988 டிசம்பர் 16 அன்று. பாட்டை எழுதிய ஜபாரா 1992-இல், 44 வயதில். அந்தப் பத்தாண்டில் இந்தப் பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு அரங்குக்குத் திரும்பவில்லை என்று கணக்கெடுக்க முடியாது. இன்று கல்யாண வரவேற்புகளில் இதைப் போட்டு மாமியார்களும் சித்தப்பாக்களும் ஆடும் அமெரிக்கர்களுக்கு இதெல்லாம் நினைவில் இருக்குமா, தெரியவில்லை.

வெதர் கேர்ள்ஸுக்கு அப்படியோர் இரண்டாவது பாட்டு அமையவில்லை. 1983-இல் ‘சக்ஸஸ்’, 1985-இல் ‘பிக் கேர்ள்ஸ் டோன்ட் க்ரை’ என்று தொகுப்புகள் வந்தன. தலைப்பைப் பாருங்கள், பருமனை விற்பதை இன்னும் நிறுத்தவில்லை. 1988-இல் பிரிந்தார்கள். ஐசோரா ஜெர்மனி போய், மகள் டைனெல்லோடு அதே பெயரில் பாடினார். 2004 செப்டம்பரில் 62 வயதில் காலமானார்.

மார்த்தாவின் பாதி வேறு. எனக்கு இந்தப் பகுதியை எழுதும்போது கை கொஞ்சம் சூடாகிறது.

1980-களின் கடைசியில் நடன இசைக்குப் புது ரத்தம் ஏறியது. வீட்டுக்குள்ளேயே மின்னணுத் தாளம் தட்டிப் பாட்டுக் கட்டிய தயாரிப்பாளர்களுக்கு எல்லாம் இருந்தது, தேவாலயத்துத் தொண்டை மட்டும் இல்லை. அதற்கு மார்த்தாவைக் கூப்பிட்டார்கள். நாள்கூலி. இத்தாலியத் தயாரிப்பாளர்கள் மூவர் நடத்திய ‘பிளாக் பாக்ஸ்’ குழுவுக்காக அவர் பாடிக்கொடுத்தார். மாதிரிப் பதிவு என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. 1990-இல் ‘எவ்ரிபடி எவ்ரிபடி’ அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தபோது, காணொளியில் வாயசைத்துக்கொண்டிருந்தவர் காத்ரின் கினோல் என்ற ஒல்லியான மாடல். மார்த்தாவின் பெயர் எங்கும் இல்லை. அடுத்து ‘சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி’. ‘கோனா மேக் யூ ஸ்வெட்’ பாடலின் அந்த முதல் முழக்கம் உலகமே அறிந்தது. அதுவும் மார்த்தாவின் மாதிரிப் பதிவுகளிலிருந்து எடுத்தது. 1991 பிப்ரவரியில் பாடல் அமெரிக்காவில் முதலிடம். காணொளியில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ். அவருக்கும் நல்ல குரல் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். காட்ட வேண்டிய உடம்பு அவருடையது, கேட்க வேண்டிய குரல் வேறொருவருடையது என்று முடிவெடுத்தவர்கள் அவரையும் சங்கடத்தில்தான் நிறுத்தினார்கள்.

ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது நமக்கு அதிர்ச்சியல்ல. நம் சினிமா அதில்தான் நிற்கிறது. ஆனால் நமக்கு யார் பாடினார் என்று தெரியும். அதுவும் சும்மா கிடைத்ததல்ல. 1949-இல் ‘மகால்’ இந்திப் படப் பாட்டின் தட்டில் பாடியவர் பெயராகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் அச்சடித்திருந்தார்கள். பாடியது யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் குவித்த பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளியே வந்தது. நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் மார்த்தாவுக்கு நடந்தது அதைவிட மோசம், ஏனென்றால் அங்கே வாயசைத்தவரே பாடகி என்று சொல்லி விற்றார்கள்.

மார்த்தா வழக்குப் போட்டார். பிளாக் பாக்ஸ் விஷயத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இழப்பீட்டோடு அவருக்குத் தனிப் பாடகியாக ஒப்பந்தமும் தந்தது. மற்ற வழக்கு 1990 டிசம்பரில் தொடங்கி 1994-இல் சமரசத்தில் முடிந்தது. காலமும் அவருக்குக் கைகொடுத்தது: 1990 நவம்பரில்தான் மில்லி வனில்லி என்ற இரட்டையர் தங்கள் தட்டில் பாடவே இல்லை என்று அம்பலமாகி, வாங்கிய கிராமி விருது பறிக்கப்பட்டிருந்தது. சி அண்ட் சி காணொளியில் குரல் மார்த்தா வாஷ் என்றும் காட்சி ஸெல்மா டேவிஸ் என்றும் எழுத்துப் போட்டார்கள். குரல் தந்தவர் பெயரை அச்சிடுவது துறையில் நிலைபெற்றது இந்த வழக்குகளுக்குப் பிறகுதான். 1992-இல் ‘கேரி ஆன்’, 1993-இல் ‘கிவ் இட் டு யூ’ என்று மார்த்தாவின் இரண்டு பாடல்கள் நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. 1993-இல் வந்த தொகுப்புக்குத் தலைப்பு அவர் பெயரேதான்.

சில்வெஸ்டர் மற்ற இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மார்த்தாவை வைத்துக்கொண்டது 1976-இல். பதினாலு வருடம் கழித்து அதே குரலை வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். இடையில் வந்த அந்த ஒரு தட்டில் மட்டும்தான் குரலும் உருவமும் பெயரும் ஒரே இடத்தில் இருந்தன. மழைக்கோட்டுப் போட்ட ஆண்கள் ஆட, குறைந்த செலவில் எடுத்த அதன் காணொளி இன்று பார்த்தால் சிரிப்பு மூட்டும். இருந்தாலும் ஒருமுறை பாருங்கள். நடுவில் நிற்பது அவர்கள் இருவரும்தான்.

2001-இல் ஜெரி ஹாலிவெல் இதே பாட்டை ‘பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி’ படத்துக்காகப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். அதை நான் இரண்டாவது முறை கேட்டதில்லை.

அடுத்த வாரம் மறுபடி சிகாகோ. தட்டுகளை வெடிவைத்த அதே ஊரில், ‘வேர்ஹவுஸ்’ என்ற அரங்கில் ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே. என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்ப்போம்.

(தொடரும்)